கறுப்பியின் நாடி

குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றின் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரஸ்ஸராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எவரைக் கண்டாலும் அவருடைய மணிக்கட்டை நோக்கியே கை நீட்டுவார். பழக்கம் அப்படி. மகனுக்குப் பெண் பார்க்கச் சென்ற வீட்டில் பெண்ணின் தந்தையுடைய கையை அன்போடு பற்றியவர், பேச்சோடு பேச்சாக நாடியை எண்ணி முடித்துவிட்டு, "துடிப்பு ஒழுங்காக இல்லை, ஒருமுறை டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். சம்பந்தம் முறிந்துபோகாமல் காப்பாற்றியது அவருடைய மனைவியின் சாதுரியம்தான் என்று இன்றும் உறவினர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அந்த அம்மையார் இப்போது இல்லை. அவர் விட்டுச் சென்றவற்றுள் உயிருள்ளது ஒன்றுண்டு. அது கறுப்பி என்னும் பூனை. தோட்டத்து லயன் வீட்டின் விறகுக் கொட்டகையில் பிறந்து, வால் நுனியில் முடிச்சிட்டாற்போன்ற வளைவுடன் வளர்ந்து, தோட்டத்தை விட்டுக் குளுவாங் பட்டணத்து வரிசை வீட்டிற்குக் குடும்பம் குடிபெயர்ந்தபோது மீன் கூடைக்குள் அமர்ந்து கூடவே வந்த பூனை அது. இத்தகைய முடிச்சு வால், இந்த மண்ணின் பூனைகளுக்கே உரிய அடையாளம். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பூனைகளின் வால் பாதியளவே இருப்பதையும், அதன் முனையில் பலவேளை முடிச்சொன்று காணப்படுவதையும் டார்வின் 1868-இல் வெளியிட்ட தம் நூலில் குறித்து வைத்திருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளோ, கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட வால் என்றே அதனை எண்ணி வந்தனர்.

அம்மையார் மறைந்த பின்னர் கறுப்பி பெரியவரின் மடியைத் தன் இடமாக ஆக்கிக்கொண்டது. அதுவரை அவர் பூனையைப் பெரிதாகப் பொருட்படுத்தியவரல்லர். அரிசி மூட்டைக்குக் காவல் என்ற அளவோடு அவருடைய மதிப்பு நின்றிருந்தது. ஒரு நாள் இரவு, மழை ஓட்டின் மீது ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த பருவமழைக் காலத்தில், மடியிற் கிடந்த அதன் விலாவில் தற்செயலாக உள்ளங்கை பதிந்தது. கை பழக்கத்தின்படி எண்ணத் தொடங்கியது. எண்ண முடியவில்லை. ஆயிரமாயிரம் மணிக்கட்டுகளைப் பற்றிய அந்த விரல்களுக்கு எண்ணிக்கை பிடிபடாமல் போனது அதுவே முதன்முறை.

பூனையின் இதயம் இயல்பாகவே விரைந்து துடிப்பதுதான். உடல் சிறுத்தால் துடிப்பு மிகும் என்பது பாலூட்டிகளிடையே காணப்படும் பொதுவிதி. யானைக்கு நிமிடத்திற்கு முப்பதளவில் துடிக்கிறது. ஓய்வாக இருக்கும் மனிதனுக்கு அறுபது முதல் நூறு. வீட்டில் அமைதியாகப் படுத்திருக்கும் பூனைக்கு நூற்று நாற்பது, நூற்று அறுபது என்று ஓடுகிறது. மருத்துவரின் மேசையில் ஏற்றிவிட்டாலோ அச்சத்தால் இருநூறைத் தாண்டும். அதனைக் கொண்டு நோய் என்று சொல்லிவிட இயலாது. ஆகவேதான் வீட்டில், அதன் சொந்த இடத்தில், அது அறியாதவாறு எண்ணப்படும் எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆயின் வாயால் எண்ணுவது கடினம். நொடிக்கு நான்கு துடிப்பு என்னும்போது 'நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு' என்று உச்சரிக்கவே நேரமில்லை. பெரியவர் பழைய ஸ்டெதஸ்கோப்பை அலமாரியிலிருந்து எடுத்தார். முன்னங்கால் முழங்கைக்குப் பின்புறம், இடது விலாவில் அதனை வைத்து, ஒவ்வொரு துடிப்பிற்கும் காகிதத்தில் பென்சிலால் ஒரு புள்ளி குத்திக்கொண்டே போனார். பதினைந்து நொடி ஆனதும் நிறுத்திப் புள்ளிகளை எண்ணினார். அறுபத்தாறு. நான்கால் பெருக்கினால் இருநூற்று அறுபத்து நான்கு. மறுபடியும் குத்தினார். அறுபத்தைந்து.

அன்றிரவு அவர் உறங்கவில்லை. எண்ணிக்கை தந்த கலக்கத்தைவிட வேறொன்று அவரை உறுத்திற்று. கடந்த இரண்டு மூன்று மாதங்களாகக் கறுப்பியிடம் கண்ட மாற்றங்கள் ஒவ்வொன்றாக நினைவிற்கு வந்தன. பதினான்கு வயதுப் பூனை திடீரென்று குட்டியைப்போல் ஓடத் தொடங்கியிருந்தது. வைத்த சோற்றை நக்கித் தீர்த்துவிட்டு அடுப்படியில் நின்று மீண்டும் கேட்டது. நள்ளிரவில் கூடத்தில் நின்று நீளமாகக் கத்தியது. "மாமா, அத்தை இருந்தப்போ இருந்த மாதிரி இவளுக்கு வயசு திரும்பிடுச்சு" என்று மருமகள் மகிழ்ந்தாள், அவரும் மகிழ்ந்தார். உடல் மெலிவதைக் கண்டபோது குடற்புழுவாக இருக்கும் என்று தாமே முடிவு கட்டிக் கடையில் புழு மருந்து வாங்கிக் கொடுத்தார். முப்பது ஆண்டுகள் பிறருடைய நோயைப் பதிவேட்டில் எழுதியவர், மடியிலேயே கிடந்த நோயை இளமை என்று படித்துவிட்டார். மறுநாள் காலையில் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். நான்கு கிலோவுக்குமேல் இருந்த பூனை இரண்டு கிலோ எழுநூறு கிராமாக இருந்தது.

பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. நாய்க்கு இதயம் தளர்ந்தால் இருமும். நடைக்கு அழைத்தால் வழியில் உட்கார்ந்துவிடும். பூனையை எவரும் நடைக்கு அழைத்துச் செல்வதில்லை. அது நாளின் பெரும்பகுதியை உறங்கிக் கழிப்பது. சற்று அதிகமாக உறங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? வாயைத் திறந்து நாயைப்போல் மூச்சிரைக்கும் நாள் வரை வீட்டார் அறியாதிருப்பதே பெரும்பான்மை. அந்த நாள் வந்துவிட்டால் அது தாமதிக்கத் தகாத அவசரம். குறுக்கே போனால் சகுனத் தடை என்று பூனையை இத்துணைக் கூர்ந்து கவனித்து வந்த சமுதாயம், அதன் மூச்சைக் கவனிக்காமற் போனது விந்தைதான்.

இதயம் துடிப்பது மின்சாரத்தால் என்பது கேட்பதற்குப் புதுமையாக இருப்பினும் நூறாண்டுக்கு மேற்பட்ட செய்தி. இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்னும் உடலியல் அறிஞர் 1887-இல் மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலைக் கீறாமலே பதிந்து காட்டினார். பின்னாளில் அவர் தம் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்பு நீர்ச் சாடிகளில் நிற்க வைத்து அதன் இதயத் துடிப்பை அறிஞர் அவையில் எல்லாரும் காணச் செய்தார். 1909-இல் இஃது அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கேள்வியாகவே எழுந்தது. நாய் கொடுமைப்படுத்தப்படுகிறதோ என்று உறுப்பினர் ஒருவர் ஐயுற்றார். கடல் நீரில் கால் நனைத்து நின்றவர் எவரும் அந்த நாயின் அனுபவத்தை அறிவர் என்ற கருத்துப்பட அமைச்சர் விடையளித்தாராம். வாலரின் பணியை மேலும் நுட்பமாக்கிய ஹாலந்து நாட்டு ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிட்டியது. அவர் அமைத்த முதற்கருவி ஏறத்தாழ இருநூற்றெழுபது கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். இன்று அதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் பெட்டி செய்கிறது.

மின் துடிப்பு பிறக்குமிடம் இதயத்தின் வலது மேலறையிலுள்ள ஒரு சிறு கணு. இதனை 1907-இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் கண்டு வெளியிட்டனர். இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த குளுவாங்காரர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒற்றைத் தண்டவாளம், தலைமை நிலையத்து மணி அடித்தால்தான் வண்டி புறப்படும், நடுவே ஒரு கைகாட்டி சற்றே நிறுத்திப் பின் விடும், வண்டி கடைசி நிலையத்தை அடைந்ததும் அந்த ஓட்டம் முடிந்தது. துடிப்பு முறைகெட்டு விரைவதற்கு வழிகள் பலவெனினும் அவற்றுள் முதன்மையானவை இரண்டு. இடையிலுள்ள ஏதோ ஒரு சிறு நிலையத்தான் தானே மணியடிக்கத் தொடங்கிவிடுவது ஒன்று. புறப்பட்ட வண்டி கிளைப்பாதை வழியே திரும்பி வந்து, வந்த வழியே மீண்டும் ஓடி, வட்டமிட்டுக்கொண்டே இருப்பது மற்றொன்று. இத்தகைய விரைவு மேலறையில் எழலாம், கீழறையில் எழலாம், கீழறையில் எழுவது ஆபத்து மிக்கது. விளக்கை முடுக்கினாற்போல் திடீரெனத் தொடங்கித் திடீரென நின்றுவிடுவது இவற்றின் இயல்பு. அச்சத்தாலோ காய்ச்சலாலோ வருவது அங்ஙனமன்று; அதில் மணியடிப்பவன் முறையான நிலைய அதிகாரியே; யாரோ அவனை அவசரப்படுத்துகிறார்கள், அவ்வளவே.

பெரியவருக்கும் இதயக் கோளாறு உண்டு. மேலறை ஒழுங்கின்றி நடுங்கும் நோய். அதற்காக நாள்தோறும் அட்டெனோலோல் மாத்திரை விழுங்குபவர். இந்த நோய் குதிரைக்கு மிகுதியாக வரும், மனிதனுக்கும் வரும், பூனைக்கு அரிது. நடுக்கம் நிலைத்து நிற்க வேண்டுமானால் அது சுழன்று திரியப் போதுமான பரப்புத் தசை வேண்டும் என்று 1914-இல் கேரி என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். நடுங்கும் தசையைத் துண்டுகளாக்கியபோது பெருந்துண்டு நடுங்கிக்கொண்டேயிருந்தது; சிறு துண்டின் நடுக்கம் நின்றுவிட்டது. பூனையின் மேலறை மிகச் சிறிது. அங்கே நடுக்கம் நிலைத்ததென்றால், மேலறை நோயால் வெகுவாக வீங்கிவிட்டது என்றே பொருள். கெட்டவை தங்குவதற்குப் பூனையின் நெஞ்சில் இடமில்லை என்று பெரியவர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அன்று அவர் வேடிக்கை பேசும் நிலையில் இல்லை. அலமாரியில் தம்முடைய மாத்திரை அட்டை இருந்தது. துடிப்பைத் தணிக்கும் மருந்து; நான்காக உடைத்து ஒரு துணுக்கைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. மனிதனுக்கு ஆவது பூனைக்கு ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக்கூடும். அதனை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. கோயிலுக்கும் வீட்டு வேலிக்கும் அழகு செய்யும் அரளி, பூனையின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் நஞ்சு. அட்டெனோலோலைப் பூனைகளுக்கு மருத்துவர் கொடுப்பதுண்டு எனினும், நுரையீரலில் நீர் கோத்த பூனைக்கோ ஆஸ்துமா உள்ள பூனைக்கோ அது யமனாகலாம். எனினும் கை அட்டையை நோக்கி நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றதற்குக் காரணம் மருத்துவ அறிவன்று; பழைய நினைவொன்று.

1974-ஆம் ஆண்டு. விடியற்காலைப் பெரட்டு முடிந்து வெட்டுக்குப் போன பெண்ணொருத்தி, பால் வாளியோடு மரத்தடியில் சாய்ந்துவிட்டாள் என்று தூக்கி வந்தார்கள். இருபத்தாறு வயதிருக்கும். நாடி நூற்று முப்பத்திரண்டு. வெயில் இன்னும் ஏறவில்லை, காய்ச்சல் இல்லை, காயம் எதுவும் இல்லை. வயிறு வலிக்கிறது என்றாள். முதல் நாள் இரவு கணவனோடு சச்சரவு என்று உடன் வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். டிரஸ்ஸர் பதிவேட்டில் 'மயக்கம், அச்சம்' என்று எழுதினார். இனிப்பாகத் தேநீர் கொடுத்து, மனம் அமைதியடைந்தால் நாடியும் அமைதியடையும் என்று பெஞ்சில் படுக்க வைத்தார். ஒரு மணி கழித்து நூற்று நாற்பது. நண்பகலில் உதடு வெளுத்தபின்னரே துரையின் காரைக் கேட்டு ஓடினார். பட்டணத்து மருத்துவமனையில் உண்மை தெரிந்தது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சிய சிறிதளவு இரத்தத்தை வைத்துக்கொண்டு மூளையையும் உயிரையும் காப்பதற்காக அந்த இதயம் பம்பரமாய்ச் சுழன்றிருக்கிறது. அந்த விரைவே அவளை நண்பகல் வரை காப்பாற்றியது. அவரோ அதனை நோய் என்று எண்ணித் தணிக்கப் பார்த்திருக்கிறார்.

அவள் பிழைத்தாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு சொல்லும் குறை சொல்லாமல், மருத்துவமனைத் திண்ணையில் பலாப்பழம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பழத்தை அவர் உண்ணவில்லை. மனைவியிடம் காரணமும் சொல்லவில்லை.

மாத்திரை அட்டையை மூடி வைத்துவிட்டு, மகனை எழுப்பினார்.

பெரியவர் இளைஞராக இருந்த நாளில் மலாயாவில் கால்நடை மருத்துவர் என்றால் மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும்தான். அதுவும் வெளிநாட்டில் படித்து வந்தவர்களே. 1970-களில் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே உள்நாட்டிலேயே மருத்துவர்கள் உருவாயினர். பூனைக்கென்று தனி மருந்தகம் தேடிப் போவது அண்மைக் கால வழக்கு. அவர்கள் சென்ற இடத்தில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். கறுப்பியைத் துணியில் சுற்றிப் பிடித்து, முதலில் நெஞ்சைத் தொடாமல் கழுத்தைத் தடவினார். தொண்டைக்குழியின் ஒரு பக்கத்தில் விரலை ஓட்டி, பெரியவரின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பட்டாணி அளவில் ஒன்று நழுவியது.

"அங்கிள், இது தைராய்டுன்னு நினைக்கிறேன். இரத்தம் எடுத்துப் பார்த்திடுவோம்."

மின் வரைவும் எடுத்தார்கள். பெரும்பாலும் முறையான மணியே, ஆனால் யாரோ ஓயாது அவசரப்படுத்துகின்ற மணி. இடையிடையே சில நொடிகள் மேலறையில் ஏதோ ஓரிடம் தானே முந்திக்கொண்டு முந்நூறை எட்டித் தணிந்தது. இரத்தச் சோதனை மருத்துவரின் எண்ணத்தை உறுதிப்படுத்தியது.

கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி உடலென்னும் அடுப்பின் நெருப்பை ஏற்றவும் இறக்கவும் வல்லது. மூப்படைந்த பூனைகளில் இச்சுரப்பியில் சிறு கட்டி தோன்றி அளவுக்கு மேல் சுரக்கிறது. பெரும்பாலும் அது புற்றுநோயன்று. அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. எவ்வளவு உண்டாலும் உடல் கரைகிறது. பூனை அமைதியிழந்து திரிகிறது, இரவில் கத்துகிறது, இதயம் ஓடுகிறது. பூனைக்கு இப்படியொரு நோய் உண்டென்பதை நியூயார்க் மருத்துவர் பீட்டர்சனும் அவருடன் இருந்தோரும் 1979-இல்தான் தெளிவாக எடுத்துரைத்தனர். இன்றோ மேலைநாடுகளில் முதிய பூனைகளுக்கு வரும் சுரப்பி நோய்களில் இதுவே மிகுதி. பெரியவர் செய்தது போன்று 'இளமை திரும்பிவிட்டது' என்று வீட்டார் களிப்பது உலகெங்கும் நிகழ்வதே என்று மருத்துவர் சொன்னார். அது ஆறுதலாகச் சொன்னதா, உண்மையா என்று பெரியவர் கேட்கவில்லை.

எல்லாப் பூனைக்கும் காரணம் இதுவென்று கொள்ளலாகாது. பூனைகளின் இதய நோய்களில் தலையாயது இதயத் தசை தடித்துப்போவது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நலமாகத் தோன்றிய பூனைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்கு இக்கோளாறு காணப்பட்டது. மெய்ன் கூன் என்னும் பெரிய பூனை இனத்தில் இதற்குக் காரணமான மரபணுப் பிழையொன்றை 2005-இல் கண்டறிந்தனர். தடித்த சுவர் துடிப்பை முறைகெடச் செய்யும்; வீங்கிய மேலறையில் இரத்தம் தேங்கி உறையும்; உறைந்த கட்டி புறப்பட்டுப் போய்ப் பின்னங்கால்களுக்குக் குருதி பிரியுமிடத்தில் அடைத்துக்கொள்ளும். பெரியவரின் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தாரின் பூனை ஒரு காலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அலறியபோது, கார் மோதிவிட்டது என்றே எல்லாரும் எண்ணினர். கால்கள் ஏன் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தன என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. பெரியவருக்கு இப்போது தோன்றியது.

இன்னொரு காரணம் தட்டிலேயே இருக்கக்கூடும். இதனை மருத்துவர் சொல்லக் கேட்டபோது பெரியவருக்குத் தம் மூத்த டிரஸ்ஸர்கள் சொன்ன பெரிபெரிக் கதைகள் நினைவிற்கு வந்தன. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, இதயம் தளர்ந்து கொத்துக் கொத்தாக மாண்டனர். தோட்டத்துத் தமிழரை அந்நோய் அண்டவில்லை. தீட்டிய வெள்ளை அரிசியே காரணம், புழுங்கல் அரிசி உண்போர் தப்பினர் என்று நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் 1907-இல் நூலெழுதினார். கோலாலம்பூர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவிற்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்து, பின் மாற்றிக் கொடுத்து, அதனை மெய்ப்பித்தனர். அறிவாராய்ச்சி செய்து புழுங்கலைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர் தோட்டத்துத் தமிழர். பாட்டி புழுக்கியபடி உண்டார்கள், பிழைத்தார்கள்.

பூனைக்கு நேர்ந்ததும் அதுபோன்றதே. டாரின் என்னும் பொருள் மாமிசத்திலும் மீனிலும் மட்டுமே போதிய அளவு உள்ளது. நாயின் உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனைக்கு அவ்வாற்றல் போதாது. டாரின் குறைந்த பூனைகளின் இதயம் தளர்ந்து பெருத்து விடுவதையும், அதனைக் கொடுத்தால் இதயம் மீள்வதையும் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பால் பியோன் என்பவர் 1987-இல் வெளியிட்டார். டப்பா உணவு தயாரிப்போர் அதன்பின் டாரினைக் கூட்டிச் சேர்க்கலாயினர், அந்நோய் அருகிப்போனது. ஆயினும் சைவ வீடுகளில் பாற்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே உண்டு வளரும் பூனைகள் உண்டு. அன்பின் மிகுதியால் செய்யப்படும் இத்தீங்கைச் சுட்டிச் சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. மீன் அவிப்போரும் ஒன்றைக் கருத வேண்டும்: டாரின் நீரில் கரைவது. கெம்போங் மீனை அவித்து, நீரைக் கொட்டிவிட்டுச் சக்கையை வைக்கும் வழக்கம் ஜொகூர் வீடுகளில் பரவலாக உண்டு. அந்த நீரையும் சோற்றில் ஊற்றுவது நலம்.

கறுப்பிக்குக் கார்பிமசோல் தொடங்கினர். மனிதர்க்குக் கொடுத்துப் பழகிய மருந்தாதலின் பெரியவருக்கு அது பழைய நண்பனைக் கண்டாற்போல் இருந்தது. நான்கு வாரத்தில் எடை ஏறியது. இரவுக் கூச்சல் நின்றது. பதினைந்து நொடிக்கு நாற்பத்தைந்து புள்ளி, அதாவது நூற்றெண்பது. பெரியவர் வெற்றியோடு மருந்தகம் சென்றார். மருத்துவரின் முகத்தில் வெற்றி இல்லை. இரத்தத்தில் சிறுநீரகத்தின் அளவுகள் ஏறியிருந்தன.

மருத்துவர் விளக்கத் தொடங்கினார். முதிய பூனையின் சிறுநீரகங்கள் முன்பே நலிந்திருக்கக்கூடும், இதயம் விரைந்து குருதியைப் பாய்ச்சிக்கொண்டிருந்த வரையில் அந்த நலிவு வெளியே தெரியவில்லை, இதயத்தை அடக்கியதும்... அவர் முடிக்கும் முன்பே பெரியவர் தலையசைத்தார். பால் வாளியோடு சாய்ந்த பெண்ணின் வெளுத்த உதடு கண்முன் நின்றது. இம்முறையும் அந்த விரைவு ஏதோ ஒன்றைத் தாங்கிப் பிடித்திருந்தது. வேறுபாடு யாதெனில், இங்கே விரைவும் கொல்லும், தணிவும் கொல்லும். தைராய்டை அப்படியே விட்டால் இதயம் தடித்துத் தளர்ந்துபோகும். சிறுநீரகமும் அந்த அடியில் மேலும் தேயும். முழுதாக அடக்கினால் நலிந்த சிறுநீரகம் வெறுங்கையோடு நிற்கும்.

"கொஞ்சம் குறைச்சுக் கொடுத்துப் பார்க்கலாமா, அங்கிள்? ரொம்ப மெதுவாவும் வேண்டாம், ரொம்ப வேகமாவும் வேண்டாம். ஆனா வீட்டில நீங்க எண்ணிக்கிட்டே இருக்கணும்."

வீடு திரும்பும்போது மகன் தயங்கித் தயங்கிப் பேசினான். மாதந்தோறும் இரத்தம் எடுப்பதும், நாளுக்கு இருவேளை வாயைப் பிளந்து மாத்திரை திணிப்பதும் அதற்குத் துன்பமல்லவா, வயதான பிராணி, அம்மா இருந்திருந்தாலும் போதுமென்று சொல்லியிருப்பார்களே என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. செலவுக்கு அஞ்சிச் சொன்னவனும் அல்லன். பெரியவர் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்த நாளில் அங்கே ரப்பர் நின்றது.

"அவ சாப்பிடறத நிறுத்துனா, மறைஞ்சு ஒளிய ஆரம்பிச்சா, நானே சொல்றேன்ப்பா. அதுவரைக்கும் எண்ணுறேன்" என்றார். மகன் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அன்று முதல் வீட்டில் இரவுதோறும் ஒரு சடங்கு நடக்கிறது. ஆறாம் ஆண்டு படிக்கும் பேத்தி ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொள்கிறாள். பெரியவரின் காது இப்போது அத்துணைக் கூர்மையில்லை. அவர் கடிகாரத்தைப் பிடிக்கிறார். கறுப்பி உறங்கிய பின் மூச்சையும் எண்ணுகிறார்கள். உறங்கும் பூனையின் மூச்சு நிமிடத்திற்கு முப்பதைத் தாண்டிப் போனால் நுரையீரலில் நீர் கோக்கிறதோ என்று ஐயுற வேண்டும். கொர் கொர் என்று அது முனகிக்கொண்டிருந்தால் ஸ்டெதஸ்கோப்பில் வேறொன்றும் கேட்பதில்லை. அப்போது குழாயைத் திறந்து நீர் ஓடும் ஒலி எழுப்பினால் முனகலை நிறுத்திக் காது நிமிர்த்துகிறது. இந்த உபாயத்தைப் பேத்தி கண்டுபிடித்ததாக வீட்டில் ஒரு பெருமை. உலகத்து விலங்கு மருத்துவர் பலர் முன்பே அறிந்ததுதான் என்பதைப் பெரியவர் அவளிடம் சொல்லவில்லை.

குறிப்பேடு தோட்டத்துப் பதிவேட்டின் பழைய முறைப்படியே கோடிடப்பட்டுள்ளது: தேதி, நாடி, மூச்சு, எடை, குறிப்பு. நோயின் பெயர் எழுதுவதற்கு அவர் கட்டம் போடவில்லை. கடந்த வெள்ளி இரவு பேத்தி காகிதத்தில் புள்ளிகளைக் குத்தி முடித்து, இரண்டு முறை எண்ணி, விரல் விட்டுப் பெருக்கினாள்.

"நாற்பத்தொன்பது, தாத்தா. நூத்தித் தொண்ணூத்தாறு."

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார்: நாடி 196. உறக்கத்தில் மூச்சு 24. எடை மூன்று கிலோ இருநூறு. மீனும் மீன் அவித்த நீரும் உண்டாள். தண்ணீர் இருமுறை கேட்டாள்.